காக்கை இல்லாத நோட்டு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாட்களும் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையேறி, திருநெல்வேலி சந்திப்பைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள் வந்துவிட்டது. என் தாய்மாமா வீடு அந்தத் தெருக்களில் ஒன்றில்தான். கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த பிறகு நான் போனபோது அத்தை கீழே ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார். மாமா மொட்டைமாடியில் உட்கார்ந்து, ஈர நோட்டுகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவே செய்தித்தாள் வைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு நோட்டுகள். 2010 தொடங்கி அவர் எழுதிவந்த பறவைக் குறிப்புகள். முதல் ஏழும் இங்க் பேனாவில் எழுதியவை. நீலச் சாயத்தில் முக்கியெடுத்த துணி மாதிரி ஆகியிருந்தன. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் ஒரு டப்பா பால்பாயிண்ட் பேனா கொடுத்திருந்தார்கள். அந்தப் பேனாக்களால் எழுதிய கடைசி நான்கு நோட்டுகளில் தாள் நெளிந்திருந்தது, எழுத்து நின்றது. "அன்னைக்கு வாட்ச் குடுக்காம பேனா குடுத்தானுவளேன்னு மனசுக்குள்ள வஞ்சேன்" என்றார். சிரிக்கவில்லை.

அவருக்கு அப்போது 63 வயது. பறவை பார்ப்பதில் ஊரில் அவருக்குக் கூட்டாளி என்று யாரும் கிடையாது. காலையில் மொட்டைமாடி, சாயங்காலம் சைக்கிளில் நயினார்குளம் கரை, எப்போதாவது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். இவ்வளவுதான் அவர் உலகம். அத்தை இதைத் தன் பாணியில் சொல்வார்: "பேச ஆளில்லாமத்தான் குருவிகூட பேசிக்கிட்டு அலையுதாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆளில்லாதவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். இணையத்தில் பறவைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஒவ்வொரு இடமாகச் சேர்த்துவிட்டுப் பார்ப்போம், எது ஒட்டுகிறதோ ஒட்டட்டும் என்பது திட்டம். 2024 ஜனவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை, பதினான்கு மாதங்களில் நான்கு இடங்களை அவரும் நானும் சேர்ந்து முயன்று பார்த்தோம். என்ன நடந்தது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு மனிதரை வைத்துச் செய்த சோதனை. எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை.

முதல் நாளே மாமா ஒரு கேள்வி கேட்டார். அதன் கனம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. "ஏல, போன வருசம் இதே தேதில நான் என்ன பாத்தேன்னு இதுல எடுத்துப் பாக்க முடியுமா?"

எதற்கோ தலையாட்டிவிட்டு அவர் போனில் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டேன்.

வாட்ஸப், ஒன்பது வாரம்

தெரிந்தவர் ஒருவர் மூலம் கிடைத்த குழு. சில நூறு பேர் இருந்தார்கள். வாட்ஸப் குழுவொன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேர் இருந்தாலும் பேசுவது பதினைந்து இருபது பேராகத்தான் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். காலை ஐந்தரைக்கே வணக்கப் படங்கள். அதற்கு நடுவே உண்மையிலேயே நல்ல விஷயங்களும் வந்தன. எந்தக் குளத்தில் என்ன வந்திருக்கிறது என்ற செய்தி அன்றைக்கே கிடைத்தது. மாமா அதைப் பார்த்து இரண்டு முறை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் மூன்று வாரம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது உண்மை.

மார்ச் மாதம் துணி காயப்போடும் கம்பியில் ஊதாத் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. தேன்சிட்டுக்கு இது வழக்கம். நாரும் சிலந்தி நூலும் சருகும் சேர்த்துப் பை மாதிரி ஒன்றைத் தொங்கவிடும், பார்த்தால் ஒட்டடை என்று தட்டிவிடத் தோன்றும். மாமா துணிக்கம்பியை அந்தப் பக்கம் பயன்படுத்தக் கூடாது என்று அத்தைக்கு உத்தரவு போட்டுவிட்டு, கூட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். கூட்டைப் படமெடுக்கக் கூடாது என்று தெரியாதா, பறவை கூட்டைக் கைவிட்டால் யார் பொறுப்பு, இப்படிப்பட்டவர்களை யார் உள்ளே விட்டது. கடைசிக் கேள்வியைக் கேட்டவருக்கு மாமாவின் மகன் வயதுகூட இருக்காது.

விதி சரியான விதிதான். பல பறவைக் குழுக்களில் கூட்டுப் படங்களுக்கு இடமில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது: படமெடுக்க ஆள் நெருங்க நெருங்கத் தாய்ப்பறவை விலகும், இலையை விலக்கிப் படமெடுத்தால் காக்கை கண்டுபிடிக்கும், ஒருவர் போட்ட படத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள். மாமாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் கேட்டிருப்பார். கம்பியையே விட்டுக்கொடுத்த மனிதர். ஆனால் விதி என்ன என்பதை உள்ளே வரும்போது யாரும் சொல்லவில்லை, மீறியபோது சந்தியில் நிறுத்திச் சொன்னார்கள். படத்தை அழித்துவிட்டு ஒரு மன்னிப்பும் எழுதினார். அதற்கு இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

அதற்குப் பிறகும் குழுவில் இருந்தார், வாசிப்பதோடு சரி. மார்ச் கடைசியில் அவர் விலகியதற்கு இந்தச் சம்பவம் காரணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டபோது வேறு சொன்னார். பிப்ரவரியில் தானே அங்கே எழுதிப்போட்ட ஒரு குறிப்பைத் தேடியிருக்கிறார். மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், இரண்டு திருமண நாள் வாழ்த்துக்கும் ஒரு ரயில் நேர அட்டவணைக்கும் நடுவில் அது கிடைத்திருக்கிறது. "இது ஆத்துல எழுதுத மாதிரில்லா இருக்கு" என்றார். வெள்ளம் பார்த்த மனிதர் அப்படித்தான் சொல்வார்.

முகநூல்

இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. முகநூல் குழு ஒன்றில் மூன்று மாதம் இருந்தார். தெரியாத பறவையின் படத்தைப் போட்டால் சில நிமிஷங்களில் பெயர் சொல்லிவிடுகிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் மாமாவின் போன் கேமராவில் ஐம்பதடி தூரத்தில் இருக்கும் பறவை ஒரு கரும்புள்ளி. அங்கே வருகிற படங்களோ நீண்ட லென்ஸ் வைத்து எடுத்தவை. இறகின் ஓரம்கூடத் தெரியும். இவர் படத்துக்கு நாலு விருப்பம், அவர்கள் படத்துக்கு நானூறு. பறவை இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு தடவை மட்டும் இவர் எடுத்த படம் ஒன்று நன்றாக விழுந்தது. வீட்டு முருங்கையில் உட்கார்ந்த செண்பகம், சிவந்த கண் தெளிவாகத் தெரியும்படி. இரண்டே நாளில் அந்தப் படம் யாரோ ஒருவருடைய பெயரோடு வேறொரு பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கொதித்தேன். அவர் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. "செண்பகம் நம்ம வீட்டு முருங்கைல இருக்கும்போது படம் யாருட்ட இருந்தா என்ன" என்று விட்டுவிட்டார். ஆனால் அதன் பிறகு படம் போடவில்லை.

முருங்கையும் கம்பளிப்புழுவும்

ஐநேச்சுரலிஸ்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மாமாவிடம் தோற்றாலும் என்னிடம் ஜெயித்தது. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதுகலை மாணவர்கள் மூன்று பேர் படிப்பின் இறுதித் திட்டமாகத் தொடங்கியது அது. பறவை மட்டுமில்லை; புல், பூச்சி, காளான் எதுவானாலும் படமோ ஒலியோ இருந்தால் தேதி, இடத்தோடு போடலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் வந்து பெயர் சொல்வார், இன்னொருவர் ஒப்புவார் அல்லது மறுப்பார். சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயருக்கு வந்துவிட்டால் அந்தப் பதிவு ஆய்வுத்தரம் என்று ஏறிவிடும்.

மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் கம்பளிப்புழுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைப் படமெடுத்துப் போட்டேன். வருஷாவருஷம் தீப்பந்தம் கொளுத்திக் கருக்குவதைத் தவிர அவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அன்று ராத்திரியே யூப்டெரோட் என்ற பேரினம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மாமாவிடம் காட்டினேன். மரத்தடிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, "பேரு வச்சிருக்கானுவளா இதுக்கும்" என்றார். அந்த வருஷம் பந்தம் கொளுத்துவது ஒரு நாள் தள்ளிப்போனது. ஒரே ஒரு நாள்தான், கம்பளிப்புழு கம்பளிப்புழுதான்.

அவரே முயன்றபோது நடந்தது வேறு. ஆர்வமாக முதலில் போட்டது தொட்டியில் இருந்த அடுக்குச் செம்பருத்தி. அது தானாக வளர்ந்ததில்லை, மனிதர் வளர்த்தது என்று குறிக்கப்பட்டு, சாதாரணப் பதிவு என்ற ஓரத்துக்குப் போய்விட்டது. அந்தத் தளத்தின் ஒழுங்கு அது, காட்டுயிருக்குத்தான் அங்கே முன்னுரிமை. நான் விளக்கினேன். "பதினெட்டு வருசமா உங்க அத்தை தண்ணி ஊத்துதா, அது சாதாரணமா?" என்றார். பறவைக்கு வந்தால் படம் வேண்டும், படம் வராது. ஒலிப்பதிவு செய்து போடலாம் என்றேன். தெருவில் ஓடும் ஆட்டோக்களைத்தான் பதிவு செய்ய முடிந்தது.

ஈபேர்டு: எத்தனை?

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய பறவைப் பதிவுத் தளம் ஈபேர்டு. இந்தியாவில் இதைப் பரப்புவது பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இதில்தான் பதிவாகிறது. படம் தேவையில்லை, பார்த்த பறவைகளின் பட்டியல் போதும். இதை நான் கடைசியாக வைத்திருந்ததற்குக் காரணம், இதில் ஆட்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். விருப்பக்குறி இல்லை, உரையாடல் இல்லை, பார்க்க வருமானவரிப் படிவம் மாதிரி இருக்கும். பேச்சுத்துணை தேடித் தருகிற என் திட்டத்துக்கு இது எந்த வகையிலும் சேராது.

2024 ஜூலையில் ஒரு காலை, மொட்டைமாடி. பதினைந்து நிமிஷம் பார்த்தோம். செயலியில் பெயர்களைத் தட்டிக்கொண்டே வந்தேன். மைனா என்றார். எத்தனை என்று கேட்டேன்.

"நாலஞ்சு."

"நாலா அஞ்சா மாமா?"

எழுந்து கைப்பிடிச்சுவர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆறு."

நாற்பது வருஷம் பேரேட்டில் பைசா பிசகாமல் எழுதிய மனிதர். அவருடைய பறவை நோட்டில் எண் என்பது ஒன்று, இரண்டு வரைக்கும்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் 'சில', 'பல', 'நிறைய'. நயினார்குளத்தில் நீர்க்காகம் நிறைய. கூழைக்கடா 2. கம்பியில் பனங்காடை. இந்த மாதிரி. ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். ஆபீஸிலும் எண்ணிக்கை, இங்கேயும் எண்ணிக்கையா என்று இருந்திருக்கலாம் என்றார். யாரும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பட்டியலை அனுப்பும் முன் செயலி ஒரு கேள்வி கேட்கும். நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் எழுதிவிட்டீர்களா என்று. ஆம் என்றால் அது முழுப்பட்டியல். மாமா ஆம் என்று சொல்லப் போனார். அப்போது தொட்டி விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கத்தியது.

எங்கள் பட்டியலில் காக்கை இல்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நெளிந்து காய்ந்த அந்த நான்கு நோட்டுகளையும் எடுத்து வைத்து இரண்டு பேரும் தேடினோம். ஏறக்குறைய ஐந்து வருஷக் குறிப்புகள். காக்கை மூன்றே இடத்தில் வந்தது: ஒரு தடவை செண்பகத்தைத் துரத்தியதாக, ஒரு தடவை கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்ததாக, மூன்றாவது ஆடி அமாவாசை அன்று சோறு எடுக்க வரவில்லை என்று. தினமும் கண்ணில் படுகிற பறவை என்பதால் எழுதவில்லை. சிட்டுக்குருவியும் அப்படித்தான்; எப்போது குறைந்தது என்று பார்க்க நினைத்தால், இருந்தபோது எழுதவே இல்லை.

இல்லாததையும் பதிவாக்குவதுதான் முழுப்பட்டியல் செய்கிற வேலை. பார்த்த எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், எழுதாதது அன்று அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தமாகிறது. ஒரு வட்டாரத்தில் பத்து முழுப்பட்டியலில் நான்கில் பனங்காடை இருந்து, பல வருஷம் கழித்துப் பத்தில் இரண்டில்தான் இருக்கிறது என்றால் ஏதோ நடக்கிறது என்று தெரியும். விசேஷமான பறவையை மட்டும் எழுதுகிற நோட்டிலிருந்து இதை எடுக்கவே முடியாது. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படித்தான் உருவானது: 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் ஈபேர்டில் இட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள், 942 இனங்களைப் பற்றிய மதிப்பீடு. அதில் பனங்காடை நன்றாகக் குறைந்திருக்கிறது என்று வந்தது. குயிலும் மயிலும் பெருகியிருக்கின்றன. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது மயிலுக்குத் தலையாட்டினார். பனங்காடைக்கு எழுந்துபோய் பழைய நோட்டைப் புரட்டினார். அவர் சந்தேகம் அவருக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது, எழுத்தில் காட்டத்தான் வழியில்லை.

பழைய குறிப்புகளையும் ஏற்றலாம். தேதி, இடம் தெரிந்து நேரமும் மற்ற விவரமும் தெரியாத பதிவுகளுக்கென்று வரலாற்றுப் பதிவு என்று ஒரு வகையே இருக்கிறது. எண் தெரியாத இடத்தில் எக்ஸ் போடலாம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மாமா அதைத்தான் செய்தார். 'நிறைய' எல்லாம் எக்ஸ் ஆனது, 'சில'வும் எக்ஸ் ஆனது. ஒரு நாள் திரையில் வரிசையாக எக்ஸ் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கிறது என்றார்.

ஒரு கடிதம்

அக்டோபரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வீட்டுத் தெருவில் காட்டுச் சிலம்பன் 14 என்று பதிவிட்டிருந்தார். ஈபேர்டில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எந்தப் பறவை எந்தக் காலத்தில் எத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் தன்னார்வலர் ஒருவர் பார்த்து, தேவையானால் எழுதிக் கேட்பார். வந்தது அப்படியொரு கடிதம். உங்கள் பகுதியில் வெண்தலைச் சிலம்பன்தான் சாதாரணமாகத் தெரியும், தலையின் நிறத்தைக் கவனித்தீர்களா, ஒருவேளை அதுவாக இருக்குமா என்று தன்மையாகக் கேட்டிருந்தார்கள்.

மாமாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "தவிட்டுக்குருவி எனக்குத் தெரியாதால? பொறந்ததுலேர்ந்து பாக்கேன்."

அதுதான் சிக்கலே. அவருக்குத் தவிட்டுக்குருவி தெரியும். கூட்டமாக வந்து சருகைக் கிளறி, ஒன்று கத்தினால் ஏழும் கத்துகிற அந்தக் குருவியைத் தெரியாதவர் யார்? ஆனால் அவர் செயலியில் தேடியது எங்கோ எப்போதோ படித்திருந்த ஆங்கிலப் பெயரை. ஏழு சகோதரிகள் என்று வடக்கே பேர் வாங்கிய காட்டுச் சிலம்பன் அது. நம் தெருவில் திரிவது அதன் ஒன்றுவிட்ட சொந்தம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிற வெண்தலைச் சிலம்பன். நாம் இரண்டையும் தவிட்டுக்குருவி என்றே சொல்லிவிடுவோம்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு என்னைப் போனில் எழுப்பினார். "தலை வெளுப்புதாம்ல. சந்தனம் பூசுன மாதிரி. இத்தன வருசமா நான் தலையைப் பாக்கவே இல்ல பாரு."

பதிவைத் திருத்தினார். கடிதம் எழுதியவருக்கு நன்றி சொல்லி, தமிழில் நான்கு வரி பதிலும் போட்டார். சந்தியில் நிறுத்திக் கேட்டது ஒரு குழு, கதவைத் தட்டித் தனியாகக் கேட்டது இன்னொன்று. இரண்டிலும் தவறு இவர் பக்கம்தான். ஒன்றில் வாயடைத்துப் போனார், மற்றதில் மறுநாள் ஆறு மணிக்குத் தெருவில் நின்றார். என் ஆய்வில் உருப்படியாகக் கண்டது ஏதாவது உண்டென்றால் அது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

செய்த சில ஏற்பாடுகள்

இடையில் நான் பயந்த விஷயம் ஒன்று உண்டு. தினமும் ஒரே மொட்டைமாடியிலிருந்து, சொந்தப் பெயரில், நேரத்தோடு பட்டியல் போனால் ஒரு முதியவர் எப்போது எங்கே இருப்பார் என்பது உலகத்துக்கே தெரிந்துவிடும். தனிப்பட்ட இடமாகக் குறித்தாலும் வரைபடத்தில் அந்தப் புள்ளி தெரியத்தான் செய்யும். அதனால் புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல் தெருமுனையில் வைத்தோம்; இடத்தின் பெயரில் வீட்டு எண் போடவில்லை. தன் பெயரை மறைத்துப் பெயரிலி என்று காட்டும் வசதியும் இருக்கிறது, அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கில் கையெழுத்து இல்லாமல் இருக்கக் கூடாதாம். அவர் ஊருக்குப் போகும்போது மட்டும் பட்டியலைத் திரும்பி வந்து ஏற்றுவது என்று அத்தையும் நானும் பேசி முடித்தோம்.

நவம்பரில் சூறைக்குருவிகள் வந்தன. மத்திய ஆசியாவிலிருந்து வருகிற கூட்டம். சாயங்காலம் குளத்துக்கு மேல் சுருண்டு விரியும் புகை மாதிரி திரும்பும். மாமா முதல் நாள் எக்ஸ் போட்டார். இரண்டாம் நாள் அது அவருக்கே பிடிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு மூலையில் ஐம்பதை எண்ணிக்கொண்டு, அதே அளவு துண்டு எத்தனை இருக்கிறது என்று மனதில் வெட்டி வெட்டிப் பெருக்கும் முறையைக் காட்டினேன். அவர் அதைச் சரிபார்க்க ஒரு தட்டில் உளுந்தைப் பரப்பி, கண்ணால் மதிப்பிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். முதல் தடவை பாதிதான் மதிப்பிட்டிருந்தார். ஒரு வாரம் இப்படியே போனது. அத்தை உளுந்து டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டார்.

ஆட்கள்

பேச்சுத்துணை கிடைத்ததா? ஈபேர்டில் இல்லை. அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு வேறு யாரும் அவருக்கு எழுதவில்லை. ஆனால் அங்கே தன் பெயர் இருந்ததால் வந்த ஒரு தைரியத்தில், 2025 தொடக்கத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்தார். ஏட்ரி என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்களை வைத்து நடத்துவது. கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேரோடு அவரை ஒரு குழுவில் போட்டார்கள். காலையில் குளத்தங்கரையில் நின்றபோது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நாமக்கோழியைச் சுமார் நூறு என்றிருக்கிறாள். இவர் உடனே, "சுமாரா? எண்ணுங்கம்மா, அது ஓடாது" என்றாராம். வீட்டுக்கு வந்து இதை மூன்று தடவை சொன்னார்.

அந்த நான்கு பேரும் இவரும் இப்போது வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஐந்தே பேர். வணக்கப் படம் போட்டால் பத்து ரூபாய் அபராதம் என்று மாமா எழுதிவைத்திருக்கிறார். குழுவில் சேரும்போதே விதியைப் படித்துவிட வேண்டுமாம். கூட்டுப் படம் கூடாது என்பது இரண்டாவது விதி.

என் கணக்கில் நான் எங்கே தவறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது ரசிகர்களோ நண்பர்களோ என்று நான் முடிவு செய்துவிட்டேன். வெள்ளத்தில் போனது நோட்டு. நோட்டுக்குத்தான் முதலில் வழி தேடியிருக்க வேண்டும். முதல் நாள் அவர் கேட்டது அதைத்தான். நான் தலையாட்டிவிட்டு வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு மாதம் வீணாகப் போனது என்று சொல்ல மாட்டேன், சூடுபட்டதும் சேர்த்துத்தான் மனிதர் எதற்குப் பழகுகிறார் என்று தெரிகிறது. ஆனால் திரும்ப ஒருவருக்கு இப்படிச் செய்வதாக இருந்தால் எந்தத் தளம் என்று பேச்செடுக்கும் முன், இதுவரை நீங்கள் எழுதி வைத்ததைக் காட்டுங்கள் என்று கேட்பேன்.

2025 ஜூலையில், முதல் பட்டியல் போட்ட அதே தேதியில், தன் கேள்விக்கான பதிலை அவரே எடுத்துப் பார்த்திருக்கிறார். போன வருஷம் இதே நாள்: மைனா 6, தேன்சிட்டு 2, அண்டங்காக்கை 1, காக்கை 9. கடைசி வரியைப் பெரிதாக்கி எனக்குப் படமெடுத்து அனுப்பினார்.

புதிதாக ஒரு நோட்டும் வாங்கியிருக்கிறார். செயலியில் ஏற்றிய பிறகு அதில் பால்பாயிண்டில் ஒரு பிரதி எழுதி, மேல்தட்டில் வைக்கிறார். முதல் வரி எப்போதும் காக்கைதான். போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாடிக்குப் போனபோது கைப்பிடிச்சுவரில் விரலைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றில் நிறுத்தினார்.

"ஏல, அந்தா அந்த வால் பிஞ்ச காக்கா, போயிட்டுத் திரும்ப வந்துட்டு. இத மறுபடி எண்ணணுமா, வேண்டாமா?"